எண் போட்ட மரங்கள்

சரோஜினி நகர் மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை. வெயில் அதற்குள் கழுத்தில் ஏறிவிட்டது. மே மாதக் கடைசி. டெல்லியில் இந்த நாட்களில் நடப்பவர்கள் யாரும் நேர்கோட்டில் போவதில்லை. நிழலிலிருந்து நிழலுக்கு வளைந்து வளைந்து போகிறார்கள். எனக்குக் கிடைத்த முதல் நிழல் ஒரு வேம்பு. அடியில் எலுமிச்சைச் சாறு வண்டி. தம்ளர் 20 ரூபாய், கறுப்பு உப்பு சற்றுத் தூக்கல். பல வருடமாக இதே இடம்தான் என்றார் வண்டிக்காரர். வெயில் திரும்பினால் வண்டியையும் நாலடி திருப்பி நிறுத்துவாராம். மார்க்கெட் பக்கம் துணி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இன்னும் நாலு மணி நேரத்தில் அங்கே 150 ரூபாய், 200 ரூபாய் என்று சட்டைகளை உதறிக் காட்டுகிறவர்களின் சத்தம் கிளம்பிவிடும்.

என்னோடு நடக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர், பூர்வீகம் கும்பகோணம் பக்கம், இங்கே குவார்ட்டர்ஸில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்த அம்மா. இன்னொருவர் மரங்களை எண்ணும் தன்னார்வலர்களில் ஒருவர், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பெயர் வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். இளையவரின் தோள்பையில் தையற்காரர் டேப், சாக்பீஸ், நீள நோட்டு, தண்ணீர் பாட்டில்.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, தெற்கு டெல்லியில் ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் கொடுத்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகம்மத்பூர். 12,970 பழைய வீடுகள் போய் ஏறக்குறைய 25,667 புதிய வீடுகள் வரும். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். நிலத்தில் ஒரு பகுதியை வணிகக் கட்டடமாக்கி விற்று, அந்தப் பணத்தில் மீதியைக் கட்டிக்கொள்வது என்பது ஏற்பாடு. பழைய வீடுகளுக்கு நடுவே அறுபது வருடமாக வளர்ந்து நின்ற மரங்களின் கணக்கு 2018 ஜூனில்தான் ஊருக்கு உறைத்தது. 14,000 என்று சில பத்திரிகைகள் எழுதின, 16,500 என்று சில. சரோஜினி நகரில் மட்டும் ஏறக்குறைய 11,000. நேதாஜி நகரிலும் நவ்ரோஜி நகரிலும் அதற்குள் கோடாரி இறங்கியிருந்தது.

2018 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், டாக்டர்கள், ஐ.டி. ஊழியர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் இங்கே கூடி மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். சிலர் அடிமரத்தில் ராக்கி கட்டினார்கள். 1974-இல் இமயமலை ரெணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களைக் காக்க நின்றார்களே, அந்த சிப்கோ வழியைத்தான் நகரத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள், எலும்பு மருத்துவர் ஒருவர் போட்ட பொதுநல மனு டெல்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. வீடு கட்டுவதற்காக இத்தனை மரங்களை வெட்டுவதை டெல்லி தாங்குமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஜூலை 4 வரை வெட்டக் கூடாது என்றார்கள். தடை பிறகு நீண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்றது. வரைபடத்தைத் திருத்துகிறோம் என்று அமைச்சகம் இறங்கிவந்தது.

எழுத்தில் இருப்பது இவ்வளவு. தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன்.

விநாயகர் கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பினோம். இந்தக் கோயிலை வைத்துத்தான் அம்மா தன் பழைய வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறார். ஒரு காலத்தில் கோயிலைச் சுற்றி நாலு தெருவிலும் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. இப்போது இடதுபக்கம் முழுக்க ஆளுயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு. ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று வழியாகப் பார்த்தேன். மண் மேடு, கம்பிக் கட்டுகள், தொலைவில் கிரேன். "அந்தக் கம்பி அடுக்கியிருக்கே, அங்கதான் எங்க பின்கட்டு" என்றார் அம்மா. "நாவ மரம் ஒண்ணு. ஜூலைல பழம் விழ ஆரம்பிச்சா துணி காயப் போட முடியாது, அத்தனையும் நீலக் கறை. பிள்ளைங்க அதுக்குக் கீழதான் பரீட்சைக்குப் படிச்சாங்க." சற்று நேரம் ஓட்டையிலேயே கண்ணை வைத்திருந்தார்.

தடுப்புக்கு இந்தப் பக்கம், சாலையோரமாகப் பழைய மரங்கள் நிற்கின்றன. அடிமரத்தில் வெள்ளை வட்டம், உள்ளே கறுப்பில் எண். சில மரங்களில் இரண்டு எண்கள், வெவ்வேறு கையெழுத்தில். ஒன்று கணக்கெடுப்புக்காரர்கள் போட்டது, இன்னொன்று குடியிருப்பினர் தாங்களே எண்ணியபோது போட்டது என்றார் இளையவர். டேப்பை எடுத்து ஒரு பில்கன் மரத்தைச் சுற்றினார். அத்தி, அரசு இனம் இது. டெல்லி சாலைகளில் நல்ல நிழல் தருவது. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளக்க வேண்டும். தையற்காரர் டேப் 150 சென்டிமீட்டரில் முடிந்துவிட, அந்த இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு மறுபடி தொடங்கினார். 312 சென்டிமீட்டர். நோட்டில் எண், இனம், சுற்றளவு, குறிப்பு. குறிப்புப் பத்தியில் 'பொந்து, கிழக்கு' என்று எழுதினார்.

அண்ணாந்து பார்த்தேன். பதினைந்தடி உயரத்தில், ஒடிந்த கிளையின் முடிச்சில் ஒரு பொந்து. வாயை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசியது போல அடைத்து, நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. கால் மணி நேரம் நின்றோம். சாம்பல் இருவாச்சி ஒன்று பறந்துவந்து பட்டையைப் பற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து சிறு பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து இன்னொரு அலகு வாங்கிக்கொண்டது. ஏழு பழம் வரை எண்ணினேன். பெண் பறவை முட்டையிட்டு, குஞ்சு ஓரளவு வளரும் வரை உள்ளேயே இருக்கும். ஆண் கொண்டுவருவதுதான் சோறு. இந்தப் பறவைக்கு மரத்தைக் கொத்திப் பொந்து செய்யத் தெரியாது. கிளை ஒடிந்து, நீர் இறங்கி, உள்மரம் மெல்ல உளுத்துக் குழி விழ வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு மரத்துக்குப் பதில் பத்துக் கன்று என்பது டெல்லியில் நடைமுறை. பத்துக் கன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தப் பொந்து கிடைக்காது.

கன்று நட்டதாகவாவது கணக்கு நேராக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2018-இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை ஒன்றில் சிஏஜி சொன்னது: வெட்டிய 13,018 மரங்களுக்கு ஈடாக வனத்துறை தன் பங்குக்கு நட்டிருக்க வேண்டியவை 65,090, நட்டவை 21,048.

புதிய குடியிருப்புக் கோபுரங்கள் பக்கம் போகும்போது மணி எட்டரை. 2025 ஜனவரி 3-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த டைப்-2 குவார்ட்டர்ஸ், 28 கோபுரங்கள், 2,500-க்கு மேற்பட்ட வீடுகள். வீடுகள் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய வீடுகளில் மழைக்கு ஒழுகியதையும், மேல்பூச்சு பெயர்ந்து சோற்றில் விழுந்ததையும் அம்மாவே சொன்னார். ஆனால் வேலியோரம் நின்று பார்த்தபோது உள்ளே கண்ட நிழல் பெரும்பாலும் கட்டடங்களின் நிழல். நடைபாதை ஓரத்துக் கன்றுகள் என் மணிக்கட்டுப் பருமன், மூங்கில் முட்டு கொடுத்திருந்தது. மதில் ஓரமாக வெட்டாமல் விட்ட ஒரு சில பழைய மரங்கள். வாசல் காவலாளியின் நாற்காலி, வெயில் மறைக்கக் கட்டிய கொட்டகையில் இல்லை. இருபதடி தள்ளி ஒரு வேம்பின் கீழ் கிடந்தது. இரண்டு சைக்கிள், ஒரு ஸ்விக்கி பையனின் வண்டி, ஒரு நாய், எல்லாம் அந்த ஒரே மரத்தடியில்.

அங்கிருந்து ரிங் ரோடு வரை நடை. ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். பாதித் தூரம் மரம் உண்டு, பாதித் தூரம் இல்லை. நிழல் விட்ட இடத்தில் தாரின் அனல் செருப்புக்குள் ஏறியது. அம்மா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்தார். சரக்கொன்றைகள் பூத்திருந்தன, மஞ்சள் கொத்துக் கொத்தாக. மற்ற சமயமாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். சரக்கொன்றை அழகு, நிழலுக்கு உதவாது.

நவ்ரோஜி நகர் என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. நகர் இல்லை. 600-க்கு மேற்பட்ட அரசு வீடுகள் இருந்த இடத்தில் உலக வர்த்தக மையம் என்ற பெயரில் கண்ணாடிக் கோபுரங்கள். 34 லட்சம் சதுர அடி அலுவலகம், கடை. விற்று மற்ற காலனிகளுக்குப் பணம் திரட்டத்தான் இது. இங்கே இருந்த குடும்பங்களுக்கு இங்கே ஒரு வீடுகூடத் திரும்பிக் கட்டப்படவில்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில் எதிர்ச்சாரி நடைபாதையில் நீளச் சதுரங்களாகக் கிடந்தது. அதன் மேல் கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமிருந்தும் சுட்டது. வேர்க்கடலை வறுப்பவர் ஒருவர் அந்தச் சதுரத்துக்கு வெளியே தன் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"வெட்டாம வேற இடத்துல நட்டுடறாங்களே, அப்புறம் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். நானும் அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். டெல்லி அரசு 2020-இல் மரப் பெயர்ப்புக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டுமானத்தால் பாதிக்கப்படும் மரங்களில் குறைந்தது 80 சதவீதத்தை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டும் என்பது விதி. அப்படி நட்ட துண்டு நிலம் ஒன்றுக்கு இளையவர் ஆட்டோவில் கூட்டிப்போனார். 130 ரூபாய் ஆயிற்று.

முள்கம்பி வேலி, உள்ளே வரிசையாக மரங்கள். மரங்கள் என்று சொல்வதற்குக் கண் பழக வேண்டும். கிளையெல்லாம் கழித்து, நுனியைச் சாக்குப் பை சுற்றிக் கட்டி, பத்துப் பன்னிரண்டு அடி உயர முண்டங்களாக நட்டிருந்தார்கள். பெயர்ப்பதற்கு முன் வேரைச் சுற்றி அகழி வெட்டி, மண் உருண்டையோடு கிரேனில் தூக்குவார்கள். உருண்டைக்கு வெளியே எத்தனை மீட்டர் வேர் ஓடியிருந்தாலும் அறுந்துபோகும். மீந்த வேரால் தலைச்சுமையைத் தாங்க முடியாது என்பதால் தலையையும் கழித்துவிடுகிறார்கள். "எல்லாமே உயிரோட இருக்கு, தண்ணி விடறோம்" என்றார் காவலுக்கு இருந்தவர்.

இளையவர் பதில் சொல்லவில்லை. பேனாக் கத்தியை எடுத்து முதல் மரத்தின் பட்டையை நகக்கண் அளவு சுரண்டினார். பழுப்பு. உயிர் இருந்தால் தோலுக்கு அடியில் ஈரப் பச்சை தெரியும். அடுத்தது பழுப்பு. மூன்றாவது ஓர் அரசு, சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. சாக்குக்குக் கீழே செம்புநிறத் துளிர் விட்டிருந்தது. அந்த வரிசையின் பதினான்கிலும் கூடவே போனேன். ஒன்பது பழுப்பு. சிலவற்றின் பட்டை விரல் பட்டதும் தகடாகக் கழன்று கையோடு வந்தது, உள்ளே கறையான் மண். பிழைத்தவை பெரும்பாலும் அரசு, பில்கன் இனம். வேம்பும் நாவலும் ஆணிவேர் போனால் தேறுவது கடினம் என்று இளையவர் முன்பே சொல்லியிருந்தார். அங்கே பார்த்ததும் அதுதான். வரிசை முழுக்கப் பார்த்த பின் காவலாளி தானாகவே சொன்னார்: "தண்ணி லாரி தினம் வர்றதில்ல."

இது ஒரு துண்டு நிலத்தின் ஒரு வரிசைதான். ஊர்க் கணக்கும் இருக்கிறது. 2022-இல் டெல்லி வனத்துறையே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், முந்தைய மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் பிழைத்தவை 5,487 என்று சொல்லியிருந்தது. மூன்றில் ஒன்று. ஆகவே 'பெயர்த்து நட்டோம்' என்று யாராவது சொன்னால், எத்தனை பிழைத்தன, எந்த வருடம் எண்ணினீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டு நிறுத்தாமல் ஒரு பேனாக் கத்தியோடு போய்ப் பார்க்க வேண்டும்.

மதியம் தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் தயிர்சாதம், தட்டு 90 ரூபாய். வெயில் தாழ்ந்ததும் இளையவர் குடியிருக்கும் காலனிக்குப் போனோம். அரசு நிலமில்லை, தனியார் மனைகள். தெற்கு டெல்லியில் இப்போது மரங்கள் சத்தமில்லாமல் போவது இந்த மாதிரித் தெருக்களில்தான். பழைய ஒரு மாடி வீட்டை இடித்து, தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம், மேலே நாலு தளம். பில்டர் ஃப்ளோர் என்கிறார்கள். நாலு குடும்பத்தின் கார்கள் உள்ளே போக வாசல் அகலம் வேண்டும். வாசலில் மரம் நிற்கிறது.

பெரிய வெட்டுக்குச் சட்டம் இப்போது கொஞ்சம் இறுகியிருக்கிறது. டெல்லியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்ட மத்திய அதிகாரம் பெற்ற குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. மதுரா பக்கம் ஒரு தனியார் நிலத்தில் ஒரே இரவில் சாய்த்த 454 மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் விதித்தது. ஒற்றை மரத்தை வெட்டுவதற்கும் 1994-ஆம் ஆண்டு டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி ட்ரீ ஆபீசர் அனுமதி வேண்டும். ஆனால் தானாகப் பட்டுப்போன மரத்தைக் கேட்பதற்கு ஆள் யார்?

தெருவின் நடுவில் ஒரு வேம்பு. எதிரே கட்டிமுடியும் நிலையில் புது வீடு, பச்சை வலை போர்த்தி நின்றது. மரத்தில் பாதி இலை உதிர்ந்து மீதி மஞ்சள். இலையுதிர்காலம் முடிந்து மற்ற வேம்புகளெல்லாம் பிஞ்சு பிடித்து நிற்கிற நேரம் இது. "வயசான மரம், காஞ்சிடுச்சு" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. குனிந்து அடியைப் பார்த்தேன். அடிமரத்தை ஒட்டி ஒரு சாண்கூட விடாமல் சிமென்ட். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட், டைல்ஸ் எதுவும் இருக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2013-இல். மரம் எண்ணிய குடியிருப்பினர் போன்றவர்களின் விடாத நச்சரிப்பால்தான் அந்த உத்தரவு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. சிமென்டுக்கு மேல், பட்டையில் களிமண் அப்பியது போல் நாலு இடத்தில் திட்டு. இளையவர் ஒரு குச்சியால் முதல் திட்டை நெம்பினார். மண் உதிர்ந்தது. உள்ளே பென்சில் பருமனில் உருண்டையான துளை, சரிவாகக் கீழ்நோக்கி. குச்சியை விட்டுப் பார்த்தோம். பதினொரு சென்டிமீட்டர் இறங்கியது. புழு துளைத்ததாக இருந்தால் இவ்வளவு நேராகவும், நாலும் ஒரே உயரத்திலும் இருக்காது. துளை ஓரம் மரம் கறுத்திருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன், காட்டமான நெடி. என்ன ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. துளை போட்டது மனிதக் கை என்பது தெரியும்.

மேஸ்திரி உள்ளே போய்விட்டார்.

அடுத்த இரண்டு மணி நேரம் நடந்ததைத்தான் நான் போராட்டம் என்று சொல்வேன். இளையவர் துளைக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்து நாலையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். மரத்தின் எண், தெரு, நேரம், சுற்றளவு 168 சென்டிமீட்டர், எல்லாவற்றையும் போனிலேயே தட்டி வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் புகார் அனுப்பினார். புகார் எண் வந்ததும் அதை மரத்தடியில் சாக்பீஸால் எழுதினார். பட்டையை மேற்குப் பக்கம் சுரண்டிப் பார்த்தார். பச்சை. இன்னும் உயிர் இருக்கிறது. அதற்குள் தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். சிமென்டைத் துண்டு துண்டாகப் பெயர்த்தார்கள். அம்மா ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஓரமாகக் குவித்தார். அடியில் மண் உலர்ந்து சாம்பல் போலப் பறந்தது. ஒரு பையன் குழாய் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். முதல் மூன்று வாளியையும் மண் ஒரே மூச்சில் குடித்தது.

பிழைக்குமா என்று கேட்டேன். ஜூலையில் மழை வரும் வரை தினம் தண்ணீர் விட்டால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் இளையவர். வனத்துறை ஆள் வந்து பார்த்தாரா என்று ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரவில் தெருவிளக்கு அணைந்தால் யாராவது எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். நீள நோட்டில் கிழமைகளை வரிசையாக எழுதி, தண்ணீர் ஊற்ற யார் யார் என்று பெயர் கேட்டார். திங்கள் தாத்தா. செவ்வாயும் வெள்ளியும் குழாய் பிடித்த பையன். சனி, ஞாயிறு இளையவரே. வியாழனுக்கு மாடி வீட்டு ஆசிரியை கை தூக்கினார். புதன் காலியாக இருந்தது. எதிர்வீட்டில் கார் ஓட்டும் டிரைவர், வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், தன் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பகலெல்லாம் தான் காத்திருப்பது அந்த மரத்தடியில்தானே என்றார்.